சிப்பாயின் கோப்பும் ரெஜிமென்ட்டின் வரலாறும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் மாநில ஆட்சிமன்றக் கட்டடத்துக்கு எதிரே ஒரு பெரிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 1897இல் திறந்து வைக்கப்பட்டது. குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரக் கர்னல். அவரைச் சுற்றித் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நடக்கும் கறுப்பினச் சிப்பாய்கள். சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் அந்தச் சிப்பாய்களின் முகங்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஆட்களை அமர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் செய்தார். ஆனால் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டவை கர்னலின் பெயரும் உயிர் நீத்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களும்தான். அதே போரில் மாண்ட சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் அங்கே ஏற 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முகத்தைக் கொடுத்த சின்னம் பெயரைக் கொடுக்க எண்பதாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்தப் படைப்பிரிவு மாசசூசெட்ஸ் 54ஆவது தன்னார்வக் காலாட்படை ரெஜிமென்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடமாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கொண்டு முதன்முதலாகத் திரட்டப்பட்ட ரெஜிமென்ட்டுகளில் ஒன்று. 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவின் முயற்சியால் உருவாகி, அந்த ஆண்டு மே 28இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறியது. ஜூலை 18 மாலை தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது, ஏறத்தாழ 600 பேரில் 270க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். இருபத்தைந்து வயது கர்னல் ராபர்ட் கூல்ட் ஷாவும் அங்கேயே மடிந்தார். இந்த ரெஜிமென்ட்டைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, 1989இல் வந்த புகழ்பெற்ற திரைப்படமும் உண்டு. இன்று நான் சொல்ல வருவது இதுதான்: இப்படிப்பட்ட ஒரு படையின் வரலாற்றைத் தளபதியின் கடிதங்களிலிருந்து தொடங்குவதைவிட, சிப்பாய்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொடங்குவதே சரி. அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு தாளையும், அது எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கோப்பில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஓர் உறை உண்டு. உறைக்குள் சிறு சிறு அட்டைகள். பெயர், வயது, உயரம், நிறம், பிறந்த ஊர், செய்துவந்த தொழில், சேர்ந்த இடம், சேர்ந்த நாள். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ஆள்கணக்கில் அவர் இருந்தாரா, மருத்துவமனையில் கிடந்தாரா, கைதியானாரா என்ற குறிப்பு. பார்த்தவுடன் நம்பத் தோன்றும். ஆனால் இந்த அட்டைகள் போர்க்களத்தில் எழுதப்பட்டவை அல்ல. போர் முடிந்து இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, பென்ஷன் மனுக்கள் குவிந்தபோது, போர்த்துறை எழுத்தர்கள் பழைய பட்டியல்களைப் பார்த்துப் பிரதி எடுத்தவை. மூலத்தில் மை கலைந்திருந்தால் அட்டையிலும் பிழை. ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் இரண்டு உறைகள்கூட உருவாகும். அதனால் இந்த உறையைப் பொய் என்று தள்ளவும் கூடாது, வேதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிறந்த ஊர் என்று ஒரு பெயர் இருந்தால், பட்டியல் எழுதியவரின் கேள்விக்கு அந்த ஆள் அன்று சொன்ன பதில் அது. அவ்வளவுதான் நமக்கு உறுதியாகத் தெரியும்.

இதற்கு 54ஆவது ரெஜிமென்ட்டின் சம்பளப் போராட்டத்தைவிட நல்ல சான்று கிடையாது. சேரும்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டது, மற்றச் சிப்பாய்களுக்கு உள்ளது போலவே மாதம் 13 டாலர். கொடுக்க வந்ததோ 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, கறுப்பினத்தவருக்கு இவ்வளவுதான் என்றார்கள். ரெஜிமென்ட் அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்தது. வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோது, அதையும் மறுத்தது. கேட்டது பணத்தை மட்டும் அல்லவே. 1864 ஜூனில் காங்கிரஸ் இறங்கி வந்தது. வந்தும் ஒரு கொக்கியை வைத்தது. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்தே முழுச் சம்பளம். அன்று அடிமையாக இருந்தவருக்கு அப்படிக் கிடையாது. ஒரே குழியில் படுத்துக் குண்டுக்கு முகம் கொடுத்தவர்களை இது இரண்டாகப் பிரித்தது. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், குவேக்கர் குடும்பத்தவர், இதற்கு ஒரு வழி கண்டார். 1861 ஏப்ரல் 19 வரை எந்த மனிதருக்கும் கூலியில்லாத உழைப்பு தர நான் கடமைப்பட்டிருக்கவில்லை என்று கடவுளை முன்னிறுத்திச் சத்தியம் செய்யும்படி வாசகத்தை அமைத்தார். அடிமையாக இருந்தவரும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் அதைச் சொல்லலாம். ஏனென்றால் சட்டம் என்ன சொன்னாலும், கடவுள் முன்னிலையில் யாரும் யாருக்கும் அப்படிக் கடன்பட்டவர் இல்லை. இப்போது ஆராய்ச்சியாளரின் இடத்திலிருந்து பாருங்கள். அக்காலக் கறுப்பினச் சிப்பாய்களின் அட்டைகளில், அந்தத் தேதிக்கு முன்பே சுதந்திர மனிதர் என்ற குறிப்பு அடிக்கடி வரும். அதை அப்படியே எண்ணிக் கூட்டினால் ரெஜிமென்ட்டில் முன்னாள் அடிமைகளே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அந்தக் குறிப்பு அந்த ஆளின் பிறப்பைச் சொல்வதைக் காட்டிலும், அநியாயமான ஒரு சட்டத்தை அவர்கள் எதிர்கொண்ட விதத்தையே நமக்குச் சொல்கிறது.

இன்னொரு கோப்பு. ஜேம்ஸ் ஹென்றி குடிங். நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் வேலை பார்த்தவர், 54ஆவது ரெஜிமென்ட்டில் கார்ப்பரல். ஊர்ப் பத்திரிகைக்குப் போர்முனையிலிருந்து தொடர்ந்து கடிதம் எழுதியவர். 1863 செப்டம்பர் 28இல் அதிபர் லிங்கனுக்கே நேராக எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா, சிப்பாயின் கடமையைச் செய்தவர்களுக்குச் சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். அவ்வளவு தெளிவும் கண்ணியமும் உள்ள எழுத்து. கப்பலில் சேர்வதற்காக 1856இல் எடுத்த சான்றிதழில், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் பிறந்தவர் என்று இருக்கிறது. நெடுங்காலம் எல்லோரும் அதையே எழுதிவந்தார்கள். பிற்பாடு நியூயார்க்கின் கறுப்பின அநாதை இல்லத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது: வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுதலை வாங்கித் தரப்பட்டு, அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டவர். ஏன் மாற்றிச் சொன்னார்? அவர் எழுதிவைக்கவில்லை. ஆனால் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பிலிருந்த காலம் அது. வடக்கில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்வது ஒரு கறுப்பின இளைஞருக்குக் கவசம் என்று ஊகிப்பது தவறாகாது. அந்த ஒரு தாளோடு நின்றிருந்தால், தாமே அனுபவித்த அடிமைத்தனத்தை மறைத்துக்கொண்டு சம உரிமைக்காக அதிபரிடம் வாதாடிய மனிதரை நாம் அறிந்திருக்க மாட்டோம். 1864 பிப்ரவரி 20இல் ஃபுளோரிடாவின் ஓலஸ்டீ போரில் பிடிபட்டு, ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தார். தாம் கேட்ட முழுச் சம்பளத்தை அவர் கையால் வாங்கவில்லை.

எல்லாக் கோப்புகளிலும் வளமானது பென்ஷன் கோப்புதான். 1862இல் தொடங்கிய பென்ஷன் சட்டம், போரில் ஊனமுற்றவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உதவியது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், தொண்ணூறு நாள் பணியாற்றி, பிற்காலத்தில் போரோடு தொடர்பில்லாத காரணத்தால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. மனு போட்டால் நிரூபிக்க வேண்டும். நான்தான் அந்த ஆள், இவள்தான் என் மனைவி, இந்தப் பிள்ளை இந்த ஆண்டில் பிறந்தது. பிறப்புப் பதிவோ திருமணப் பதிவோ அனுமதிக்கப்படாத அடிமை வாழ்விலிருந்து வந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? அதனால் ஆட்களைக் காட்டினார்கள். பக்கத்துக் கூடாரத்தில் படுத்தவர், பிரசவம் பார்த்த கிழவி, அதே தோட்டத்தில் வேலை செய்தவர் என்று ஒவ்வொருவராக வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அடிமைகளாக இருந்த தம்பதியருக்குத் திருமணச் சான்று இருக்காது என்பதால், கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததையே ஆதாரமாக ஏற்கலாம் என்று 1864லேயே சட்டம் வந்தது. சந்தேகம் வந்தால் பென்ஷன் அலுவலகத்தின் சிறப்பு விசாரணையாளர் ஊருக்கே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். யாருடைய அடிமையாக இருந்தாய், எப்போது பெயரை மாற்றினாய், தாய் யாருக்கு விற்கப்பட்டாள் என்றெல்லாம் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எழுதத் தெரியாதவர் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி; பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அந்தப் பெருக்கல் குறியைப் படத்தில் பார்த்தாலும், பேனாவை அழுத்தி இழுத்த கை தெரியும்.

இந்தக் கோப்புகளை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. பென்ஷன் வேண்டி மனு போடுபவர் நோயைக் கூட்டிச் சொல்லலாம், தோழருக்காக நண்பர் பொய்ச்சாட்சி சொல்லலாம். இரண்டும் நடந்தன. ஆனால் விசாரணை செய்தவர்களும் நடுநிலையாளர்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரின் மனுக்கள் வெள்ளையரின் மனுக்களைவிட அதிக விகிதத்தில் தள்ளுபடி ஆயின. 1882ஆம் ஆண்டுச் சட்டம், விதவை வேறோர் ஆணோடு வாழ்ந்தால் பென்ஷனை நிறுத்தலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு ஏழைப் பெண்களின் வீட்டு விஷயத்தை அக்கம்பக்கத்தாரிடம் துருவினார்கள். ஆக, கேட்டவருக்கும் ஒரு நோக்கம், சொன்னவருக்கும் ஒரு நோக்கம். நோக்கம் இருக்கிறது என்பதற்காக ஒரு சாட்சியத்தைத் தூக்கி எறிந்தால், தளபதிகளின் அறிக்கைகளை முதலில் எறிய வேண்டும். பதவி உயர்வும் பேரும் புகழும் அவற்றில்தானே தொங்குகின்றன. பென்ஷன் கோப்பில் குறைந்தபட்சம் ஒரே சம்பவத்தை நான்கைந்து பேர் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள். முரண்படும் இடம் எது, பென்ஷனுக்குத் தேவையே இல்லாமல் போகிற போக்கில் வந்து விழுந்த தகவல் எது என்று பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் போகிற போக்கில் சொன்னவை பெரும்பாலும் உண்மையாக இருக்கும், பொய் சொல்ல அங்கே காரணம் இல்லாததால்.

தனி மனிதர்களின் கதையைத் தேடுவது வாரிசுகளின் வேலை, வரலாறு பெரிய விஷயங்களைப் பேச வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில், பெரிய விஷயமே இந்தச் சிறு தாள்களில்தான் திருத்தம் பெறுகிறது என்பது. 1989இல் வந்த அந்தத் திரைப்படம் 54ஆவது ரெஜிமென்ட்டைப் பெரிதும் தப்பி வந்த அடிமைகளின் படையாகக் காட்டியது. பட்டியலை வரிவரியாகப் படித்தால் பெரும்பாலோர் வடமாநிலங்களின் சுதந்திர மக்கள்: விவசாயக் கூலிகள், மாலுமிகள், முடிதிருத்துநர்கள், வண்டியோட்டிகள். மாசசூசெட்ஸ் பெயரைத் தாங்கியிருந்தாலும் மிகுதியாக வந்தவர்கள் பென்சில்வேனியாக்காரர்கள். அங்கே மெர்சர்ஸ்பர்க் போன்ற சிற்றூர்களிலிருந்து அண்ணன் தம்பிகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இது தெரிந்த பிறகு சம்பள மறுப்பின் கனம் வேறாகிறது. பதினெட்டு மாதம் சம்பளம் வாங்காமல் இருந்தது தனி ஆட்களின் வீரம் மட்டுமல்ல. சில ஊர்களில் வீடு வீடாக அடுப்பு எரியாமல் போயிருக்கும், பெண்கள் அதைத் தாங்கியிருப்பார்கள். இந்தப் பெண்களைத் தளபதியின் கடிதத்தில் தேடிப் பயனில்லை. ரெஜிமென்ட்டின் கேப்டன் லூயிஸ் எமிலியோ 1891இல் எழுதிய வரலாறு நேர்மையான, அருமையான நூல். ஆனாலும் அதன் கதையோட்டம் போரிலிருந்து போருக்கு நகர்கிறது. சிப்பாயின் வீடு அதன் பார்வைக்கு வெளியே. நூலின் இறுதியில் அவர் சேர்த்த ஆள்பட்டியலை ஆய்வுக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. வாக்னர் கோட்டையில் கொடியைத் தரையில் படவிடாமல் காத்த சார்ஜென்ட் வில்லியம் கார்னிக்கு உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது 1900இல், முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து. கொடி ஏந்தியவரையே அவ்வளவு காலம் காக்க வைத்த அரசு, மற்றவர்களைப் பற்றித் தானாக எதையும் எழுதிவைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

54ஆவது ரெஜிமென்ட்டின் சேவைப் பதிவுகள் நுண்படமாக்கப்பட்டு, இன்று இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்களாகவோ ஆர்வலர்களாகவோ இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: இப்படியொரு படையைப் பற்றி ஆராயப் புகுந்தால், புகழ்பெற்ற பெயரை விட்டுவிட்டு, பட்டியலின் நடுவிலிருந்து ஒரு சாதாரணச் சிப்பாயைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய சேவை உறை, பென்ஷன் கோப்பு, மக்கள்தொகைக் கணக்கு, வங்கிப் பதிவு, கல்லறைக் குறிப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவர் பிறந்த ஊர் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.