இட்லிப் பானையில் கேக்

இன்று எழுத்துப் பாடம் அரை மணி நேரம்தான். மீதி நேரம் கேக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இதிலும் படிப்பு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

நம் கோவிந்தாபுரத்தில் விடிவதற்கு முன்பே பலர் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் கிளம்பி விடுகிறோம். பிள்ளை எழும்போது அம்மா வீட்டில் இல்லை. பாட்டி கையில் பத்து ரூபாய் கொடுத்து வைத்திருப்போம். பிள்ளை கடைக்கு ஓடும். கண்ணாடி ஜாடியில் கப் கேக் இருக்கும், கிரீம் பன் இருக்கும். அதுவே அன்றைய காலைச் சாப்பாடு. கூட ஒரு தம்ளர் டீ.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கூலிக்குப் போகிறவளுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் உடம்பு நேரம் பார்த்து வளராதே. ஐந்து வயது வரை உள்ள சாப்பாடுதான் எலும்புக்கும் பல்லுக்கும் மூளைக்கும் அஸ்திவாரம்.

கடைக் கேக்கில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மைதா, சீனி, எண்ணெய் அல்லது டால்டா. மைதாவும் கோதுமைதான். ஆனால் மேல் தவிட்டையும் உள்ளே இருக்கும் முளையையும் நீக்கிவிட்டு அரைத்தது. நார்ச்சத்தும் பல உயிர்ச்சத்துகளும் அந்தத் தவிட்டோடு போய்விடும். டால்டாவில் இதயத்துக்கு ஆகாத ஒரு கொழுப்பு முன்பு அதிகம் இருந்தது. 2022 ஜனவரி முதல் அது 100 கிராம் எண்ணெயில் 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் ஜாடியில் இருக்கும் பண்டத்துக்கு உறை இல்லை. எந்த எண்ணெய், எத்தனை நாள் பழையது என்று யார் பார்ப்பது?

உறை போட்ட கேக் வாங்கினால் அதைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பெரும்பாலும் இங்கிலீஷ். "நமக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்" என்று கீழே வைக்காதீர்கள். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதில் பாம்பு வளைந்தது போல ஒரு எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். அது எஸ். ஷுகர் என்ற சொல் அந்த எழுத்தில்தான் தொடங்கும். அந்தச் சொல்லை இதோ பலகையில் எழுதியிருக்கிறேன், பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். அதே வரியில் ஒரு எண் இருக்கும். 100 கிராம் கேக்கில் எத்தனை கிராம் சீனி என்பது அந்த எண்.

அங்கே 40 என்று இருந்தால் கணக்குப் போடுவோம். கேக் 50 கிராம். அப்படியானால் சீனி 20 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். ஆக 5 தேக்கரண்டி. வளர்ந்த ஆளே ஒரு நாளைக்குச் சுமார் 6 தேக்கரண்டிக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைக்கு இன்னும் குறைவு. இரண்டு வயது ஆகாத குழந்தைக்குச் சீனியே வேண்டாம்.

அதற்காகக் கேக்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை கேட்கத்தான் செய்யும். நாமே செய்து கொடுப்போம். நம் கேரளத்தின் முதல் கேக் கதை தெரியுமா? 1883ஆம் ஆண்டு. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கட் கடை வைத்திருந்தார். மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கிறிஸ்துமஸ் கேக் ஒன்று செய்யச் சொன்னார். சீமைப் பிராந்திக்குப் பதிலாக நம் ஊர்ப் பழங்களில் ஊறிய சரக்கை ஊற்றியே பாப்பு கேக் செய்து கொடுத்தாராம். நாம் சரக்குக்குப் போக வேண்டாம். வாழைப்பழம் போதும்.

கேழ்வரகு மாவு ஒரு தம்ளர், கோதுமை மாவு ஒரு தம்ளர் எடுங்கள். கேழ்வரகை நம் வீடுகளில் ராகி என்போம், மலையாளத்தில் முத்தாறி என்பார்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பாலில் சுமார் 120தான். ராகி மாவை லேசாக வறுத்தால் பச்சை வாசனை போகும். அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சலியுங்கள். சோடா கூடினால் சோப்பு வாடை வரும், கவனம்.

நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டைப் பிசையுங்கள். தோல் கறுத்த பழம்தான் இதற்கு நல்லது, கடைக்காரர் விலை குறைத்தும் தருவார். 100 கிராம் வெல்லத்தைக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆற விடுங்கள். அரைத் தம்ளர் தயிர், கால் தம்ளர் தேங்காய் எண்ணெய், ஏலக்காய். முட்டை இருந்தால் ஒன்று. எல்லாவற்றையும் மாவில் கலக்குங்கள். இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக வர வேண்டும். போதாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம். கலந்ததும் வைத்திருக்காமல் உடனே அடுப்பில் ஏற்றுங்கள். தயிரும் சோடாவும் சேர்ந்து கிளம்பும் காற்றுதான் கேக்கை உப்ப வைக்கிறது. காத்திருந்தால் அந்தக் காற்று போய்விடும்.

சின்னக் கிண்ணங்களில் எண்ணெய் தடவி முக்கால் அளவு ஊற்றுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வையுங்கள். மூடிக்கு அடியில் துணி கட்டினால் நீர் சொட்டாது. 20 நிமிஷம். ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. பேக்கரி போலச் சிவந்த மேல்தோல் வேண்டுமென்றால் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பிப் பத்து நிமிஷம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் வைத்து, அதன் மேல் கிண்ணங்களை வைத்து மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். எனக்கு ஆவியில் வேக வைப்பதே பிடிக்கும், விறகும் குறைவு.

12 கிண்ணம் வரும். 100 கிராம் வெல்லத்தை 12ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 8 கிராம் சொச்சம். முன்பு போட்ட கணக்கில் வந்த 20 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சொல்லி விடுகிறேன். எல்லையில் இருக்கிற நமக்குச் சர்க்கரை என்றால் ஒருவருக்கு வெல்லம், இன்னொருவருக்குச் சீனி. உடம்புக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வெல்லம்தானே என்று அள்ளிப் போடாதீர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இந்தக் கேக்கும் அளவோடுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு நிலக்கடலையை முழுசாகப் போட வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துப் போடுங்கள். கேக்கோடு டீ கொடுப்பதையும் நிறுத்துங்கள். டீ உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. பாலோ, எலுமிச்சைத் தண்ணீரோ கொடுக்கலாம்.

முந்தின நாள் ராத்திரி செய்து வைத்தால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். நம் வெயிலில் அதற்கு மேல் வைக்க வேண்டாம். முதலமடை மாம்பழம் வரும் காலத்தில் வாழைப்பழத்துக்குப் பதில் மாம்பழச் சதை போடலாம். வண்டியில் ஏற்ற ஆகாத அடிபட்ட பழம் கிடைத்தால் அதில் அழுகாத பகுதியை வெட்டி எடுத்தாலே போதும், அப்போது வெல்லத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

நேற்று ராத்திரி செய்தது இந்தத் தட்டில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி வரும். சாப்பிட்டுக் கொண்டே ஒரு கணக்குப் போடுங்கள். மாவு, பழம், வெல்லம், எண்ணெய், தயிர் எல்லாம் உங்கள் வீட்டுக்கு என்ன விலைக்கு வருகிறது? கூட்டி 12ஆல் வகுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்தில் கடைக் கேக்கின் விலையையும் எழுதுங்கள்.