யோபுவின் வேலைக்காரர்கள்: துன்பம், விசுவாசம், ஒரு மறுவாசிப்பு

(தாம்பரத்தில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கலந்துகொண்ட வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நாம உட்கார்ந்திருக்கிற இந்தத் தாம்பரத்துக்கு மத வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டு இங்கே வந்தது. அடுத்த வருஷம், 1938 டிசம்பரில், சர்வதேச மிஷனரி மாநாடு அந்த வளாகத்தில்தான் கூடியது. கிறித்தவம் மற்ற மதங்களை எப்படிப் பார்ப்பது என்று பல தேசத்துக்காரர்கள் இங்கே உட்கார்ந்து விவாதித்தார்கள். இறையியல் புத்தகத்தில் 'தாம்பரம்' என்று வந்தால் அந்த மாநாடு என்று அர்த்தம்.

இங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் பேர் வந்த ஊர். பக்கத்தில் நாகல்கேணி, பம்மல், பல்லாவரம். தோல் ஷாப்புகள், கல் குவாரிகள், அதில் வேலை செய்த சனங்களின் குடியிருப்புகள். இந்தப் பேரெல்லாம் இறையியல் புத்தகத்தில் வருவதில்லை. நான் அங்கேயிருந்து வருகிறேன். அங்கேயிருந்துதான் யோபு புத்தகத்தையும் படிக்கிறேன்.

எங்கப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலும் குரோம் தண்ணியிலும் நின்னவர். கையிலும் காலிலும் ஆறாத புண். கடைசி வருஷத்தில் மூச்சு வாங்காமல் நாலு எட்டு நடக்க முடியாது. அவர் படுத்திருந்தப்ப சபையிலிருந்து ஒரு பெரியவர் ஜெபம் பண்ண வந்தார். ஜெபம் முடிஞ்சதும், "ஏதாவது மறைவான பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க ஐயா, கர்த்தர் சோதிக்கிறார்"னு சொன்னார். அப்பா ஒண்ணும் பேசல. அவர் போன பிறகு அம்மாகிட்ட கேட்டார்: "நான் என்னடி பாவம் பண்ணேன்? தோலைத்தானே ஊறவெச்சேன்?"

எங்கப்பா செத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோபுவிடம் போனதற்கு அதுதான் காரணம்.

யோபு கதை பலருக்குத் தெரியும். ஊத்ஸ் தேசத்துப் பெரும் பணக்காரன், நீதிமான். ஏழு மகன், மூன்று மகள். 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை. சாத்தான் கடவுளிடம் ஒரு சவால் விடுகிறான்: எல்லாம் இருப்பதால்தான் இவன் உம்மைக் கும்பிடுகிறான், பறித்துப் பாரும் என்று. கடவுள் அனுமதி கொடுக்கிறார். சொத்து போகிறது, பிள்ளைகள் சாகிறார்கள், உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் சுரண்டிக்கொள்கிறான். நம்ம பிரசங்க மேடைகளில் கதை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். "யோபு பொறுமையாக இருந்தான், இரட்டிப்பாகப் பெற்றான்; நீங்களும் பொறுமையாக இருங்கள்." புத்தகத்தில் 42 அதிகாரம். பொறுமை இருப்பது முதல் இரண்டு அதிகாரத்தில். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறந்து தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அப்புறம் முழுக்க வழக்குதான். கடவுளைக் கூண்டில் ஏற்றி, நியாயம் சொல் என்கிறான். இந்த யோபுவை நம்மிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்கள்.

யூதர்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்று தேடினோம். இது அவர்கள் எபிரேயத்தில் எழுதிய நூல், நமக்கு வந்தது பிற்பாடு. (ஒரு தோழர் கேட்டார்: இது இஸ்ரேல் அரசுக்கு வக்காலத்து வாங்குவதாகாதா? ஆகாது. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் பக்கத்தில் நின்றுதான் இதைப் படிக்கிறோம்; அதில் பாலஸ்தீனியரும் உண்டு.) அவர்களுடைய உரை நூலில் பக்கத்தின் நடுவில் மூலம் இருக்கும், சுற்றிலும் உரைகள் இருக்கும். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி ஒன்று சொல்வார். 12ஆம் நூற்றாண்டின் இப்னு எஸ்ரா வேறொன்று சொல்வார். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும், ஒன்றை வெட்டிவிட்டு இன்னொன்றை வைப்பதில்லை. தல்மூத்திலும் அப்படியே. யோபு என்று ஒருவன் இருந்ததே இல்லை, அது வெறும் உவமை என்று ஒரு ரபி சொன்னதும், அதற்கு வந்த மறுப்பும், சேர்த்தே பதிவாகியிருக்கின்றன. வேதத்தைக் கேள்வி கேட்டால் நரகம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, கேள்வியே வேதப் படிப்பாக இருப்பது பெரிய அதிர்ச்சி.

முதலில் நண்பர்களைப் பார்ப்போம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூட உட்காருகிறார்கள். அதுவரை சரி. துக்கப்படுகிறவர் வாயைத் திறக்கும் முன்பு ஆறுதல் சொல்ல வந்தவர் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்ற சட்டத்தை தல்மூத் இந்த இடத்திலிருந்துதான் எடுக்கிறது. எங்க வீட்டுக்கு வந்த பெரியவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

பிறகு நண்பர்கள் பேசத் தொடங்குகிறார்கள். குற்றமில்லாதவன் எப்போதாவது அழிந்ததுண்டா என்று எலிப்பாஸ் கேட்கிறான். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால் செத்தார்கள் என்ற பொருளில் பில்தாத் பேசுகிறான். முன்னோரைக் கேட்டுப் பார் என்று மரபைச் சாட்சிக்கு இழுக்கிறான். 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது எலிப்பாஸ் பொய் வழக்கே ஜோடித்துவிடுகிறான்: நீ ஏழையிடம் அடகு வாங்கினாய், தாகத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று. ஆதாரம் எதுவும் கிடையாது. துன்பப்படுகிறாய், ஆகவே குற்றவாளி. அவ்வளவுதான் வாதம்.

தோழர்களே, இந்த வாதம் நமக்குப் பழக்கமானது இல்லையா? போன ஜென்மத்தில் பாவம் செய்தாய், இந்த ஜென்மத்தில் சேரியில் பிறந்தாய். கர்மக் கோட்பாட்டின் எலும்புக்கூடு இதுதான். பார்ப்பனியம் ஜென்மக் கணக்கு போடுகிறது, எலிப்பாஸ் ஒரே ஜென்மத்துக்குள் கணக்கை முடிக்கிறான். அடிபட்டவனிடமே அடிக்குக் காரணம் கேட்பதில் இரண்டும் ஒன்று. கர்மத்தை விட்டு ஓடி ஞானஸ்நானம் வாங்கினோம். அங்கே எலிப்பாஸ் அங்கி போட்டு நிற்கிறான். அரசாங்கத்தின் கணக்கும் ஒன்று இருக்கிறது. 1950 ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவருக்கு அந்தத் திருத்தம் வரவில்லை. தனிக் கல்லறை கட்டும்போது சாதி தெரிகிறது, சான்றிதழ் கேட்கும்போது தெரிவதில்லை.

புத்தகத்தின் கடைசியில் கடவுள் என்ன சொல்கிறார்? தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு, நண்பர்கள் அல்ல என்கிறார். கடவுளுக்கு வக்கீலாக வந்தவர்கள் தோற்றார்கள், வழக்குப் போட்டவன் ஜெயித்தான்! தல்மூத்தில் ராவா என்ற ஆசிரியர் இன்னொரு நீதி சொல்கிறார்: வேதனையில் இருப்பவன் பேசியதை வைத்து அவனைக் குற்றம் பிடிக்கக் கூடாது. யோபுவின் பேச்சைக் கடுமையாகக் கண்டித்த குரலும் அதே பக்கங்களில் இருக்கிறது. ஆனாலும் இந்த நீதி நிற்கிறது. "தலித்துகள் ஏன் இவ்வளவு கோபமா எழுதுறாங்க, கெட்ட வார்த்தை ஏன்" என்று கேட்கிற இலக்கியவாதிகள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

இதுவரை யோபு நம்ம ஆள் என்கிற மாதிரி பேசினேன். இப்போது எதிர்ப்பக்கம் வருகிறேன். எங்கள் வாசிப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, மாடு மேய்ச்சவங்க என்ன ஆனாங்க?"

முதல் அதிகாரத்தைத் திரும்பப் பாருங்க. மாட்டைக் கொள்ளையடிக்கிறார்கள், வேலைக்காரர்களை வெட்டிப் போடுகிறார்கள். ஆட்டோடு சேர்ந்து மேய்ப்பர்கள் எரிந்து போகிறார்கள். ஒட்டகத்தோடு இருந்தவர்களும் சாகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் மட்டும் தப்பித்து ஓடிவந்து எஜமானுக்குச் செய்தி சொல்கிறான். கடைசி அதிகாரத்தில் 14000 ஆடு, 6000 ஒட்டகம், 1000 ஏர் மாடு, 1000 கழுதை என்று எண்ணிக் கொடுக்கப்படுகின்றன. புதுப் பிள்ளைகளும் பிறக்கிறார்கள். செத்த வேலைக்காரர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாமும் இத்தனை காலமாகக் கேட்கவில்லை. யோபுவின் சோதனையில் அவர்கள் உயிர் ஒரு செலவுக் கணக்கு.

30ஆம் அதிகாரம் இன்னும் மோசம். தன்னைப் பரிகாசம் பண்ணுகிற இளைஞர்களைப் பற்றி யோபு சொல்கிறான்: இவர்களுடைய தகப்பன்மாரை என் மந்தை நாய்களோடு நிறுத்தக்கூட நான் மனம் கொண்டதில்லை என்று. ஊரிலிருந்து விரட்டப்பட்டுப் பள்ளங்களிலும் பாறை இடுக்குகளிலும் வாழ்ந்து, செடியையும் வேரையும் தின்கிற சனம் அது. அவர்களை யார் விரட்டினார்கள் என்று யோபு கேட்கவில்லை. கல் குவாரி ஓரத்தில் குடிசை போட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சனம் யாரென்று தெரியும். நீதிமானின் வாயிலிருந்து ஊர்க்காரன் பேச்சு வருகிறது.

ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே அதே யோபு, என் வேலைக்காரனின் வழக்கை நான் தள்ளியிருந்தால் கடவுளுக்கு என்ன பதில் சொல்வேன், என்னையும் அவனையும் வயிற்றில் உருவாக்கியவர் ஒருவர்தானே என்கிறான். 24ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவு. எல்லைக் கல்லை நகர்த்துகிறவர்களைக் குற்றம் சாட்டுகிறான். அரிக்கட்டு சுமக்கிறவன் பட்டினி கிடக்கிறான், திராட்சை ஆலையில் மிதிக்கிறவன் தாகத்தோடு நிற்கிறான் என்கிறான். சொந்தத் துன்பம் அவன் கண்ணைப் பாதி திறந்திருக்கிறது, மீதி இன்னும் மூடித்தான் இருக்கிறது.

எல்லைக் கல் என்றதும் நம்ம செங்கல்பட்டு ஞாபகம் வரவேண்டும். கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாப் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது இப்படித்தான். பஞ்சமர் அல்லாதவர் கைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் எங்கெங்கோ போய்விட்டது. அதை மீட்கக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். ஒருவர் கிறித்தவப் பேர், ஒருவர் இந்துப் பேர். எல்லைக் கல் நகர்ந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே துன்பம்தான்.

இந்த உரைகளையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. தோல் பதனிடுகிற இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, கிழக்குப் பக்கம் மட்டும் இருக்கணும் என்று மிஷ்னா விதிக்கிறது. வாசனைத் திரவியம் செய்பவனும் வேண்டும், தோல்காரனும் வேண்டும். ஆனால் முன்னவன் பாக்கியசாலி, பின்னவன் பாவப்பட்டவன் என்கிற பொருளில் ஒரு ரபி பேசியிருக்கிறார். நாற்றம் எல்லா ஊரிலும் நாற்றம்தான். வித்தியாசம் என்ன? தோல் வேலை செய்த யோசே பென் ஹலப்தா அங்கே பெரிய சட்ட ஆசிரியர். செருப்புத் தைத்த யோகனானும் ஆசிரியர். தொழில் நாறியது, ஆனால் பிறப்பில் ஒட்டவில்லை. இங்கே தொழிலை விட்டு மூன்று தலைமுறை ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டால் நாற்றம் கண்டுபிடிக்கிறான். சாதி என்றால் என்ன என்று இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது.

கடைசியாக இரண்டு கதைகள்.

ஒன்று. எபிரேயக் குழந்தைகளைக் கொல்லப் பார்வோன் ஆலோசனை நடத்தியபோது அவையில் மூன்று பேர் இருந்தார்களாம். பிலேயாம் யோசனை சொன்னான், பிற்பாடு வெட்டுப்பட்டுச் செத்தான். எத்திரோ ஓடிப்போனான், அவன் சந்ததிக்கு மரியாதை கிடைத்தது. யோபு வாயை மூடிக்கொண்டிருந்தான், அதற்காகத் துன்பம் வந்தது. தல்மூத்தில் இருக்கிற கதை இது. எனக்கு முதலில் கோபம் வந்தது. மறுபடியும் பாவக் கணக்குதானே, எலிப்பாஸ் வேலைதானே? பிறகு யோசித்தேன். எலிப்பாஸ் சாம்பலில் கிடப்பவனிடம் கணக்குக் கேட்டான். இந்தக் கதை அரசவையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனிடம் கேட்கிறது. 'நான் சாதி பார்க்கிறதில்லீங்க' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற நண்பர்களுக்கு யோபுவின் நாற்காலி பொருத்தமானது. எங்கப்பாவிடம் கேட்ட கேள்வியைத் தோல் ஷாப் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும். அவரிடம் ஜெபம் பண்ண யாரும் போகவில்லை.

இரண்டு. ரபி யோகனான் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நோயில் கிடந்த தன் சீடரைப் பார்க்கப் போகிறார். இந்தத் துன்பம் உனக்குப் பிரியமா என்று கேட்கிறார். துன்பமும் வேண்டாம், அதற்குக் கிடைக்கும் பலனும் வேண்டாம் என்கிறார் சீடர். யோகனான் பாவம், பரலோகம், சோதனை என்று எதுவும் பேசவில்லை. கையைக் கொடு என்கிறார். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார். பிறகு யோகனானே படுக்கையில் விழுகிறார். வேறொருவர் வந்து அதே கேள்வி, அதே பதில், அதே மாதிரி கை. அவர் தன்னைத் தானே தூக்கியிருக்கக் கூடாதா? சிறையில் இருப்பவன் தனியாகத் தன் சிறையைத் திறக்க முடியாது என்று விளக்கம் சொல்லப்படுகிறது.

அப்படியானால் நம்ம விடுதலையை இன்னொருத்தன் வந்து தரவேண்டுமா? இல்லை. கை கொடுத்தவர் மேலேயிருந்து வந்த ரட்சகர் அல்ல; பத்துப் பிள்ளைகளைப் புதைத்தவர். நாளைக்கு அவரே விழுவார், இன்னொருவர் தூக்குவார். துன்பப்பட்டவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பது, அதைத்தான் நாம் அமைப்பு என்கிறோம். கை நீட்டித் தொடுவது என்பது இந்த நாட்டில் சின்ன விஷயம் அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

துன்பத்தைப் புனிதமாக்காதீர்கள். அதற்குச் சம்பளமாகப் பரலோகத்தையும் வாங்காதீர்கள். விசுவாசம் இருக்கிறவர்கள் யோபு மாதிரி வழக்குப் போடுங்கள். இல்லாதவர்களும் போடுங்கள், வழக்கு ஒன்றுதான். எங்கப்பா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: நீ பாவம் பண்ணலப்பா, உன் பக்கம் பேச வேண்டியவங்க பேசல.

மாடு மேய்த்துச் செத்தவர்களுடைய புத்தகத்தை இனிமேல்தான் எழுத வேண்டும். மாணவத் தோழர்கள் அதை யோசியுங்கள். இப்போது விவாதத்துக்குப் போகலாம். என்னோடு உடன்படாதவர்கள் முதலில் பேசுங்கள்.