சீனர் குடிப்பெயரும் நம் தலைப்பெழுத்தும்



சீனர் பெயரில் குடிப்பெயர் முன்னே நிற்கும். இட்ட பெயர் பின்னே வரும். சீனப் பிரதமராக விளங்கிய சூ என் லாயின் பெயரில் 'சூ' என்பதே குடிப்பெயர். அவரைத் 'திரு. லாய்' என்பது பொருந்தாது. இன்று வாங், லி, சாங் என்னும் மூன்று குடிப்பெயர்களை மட்டும் 20 கோடிக்கு மேற்பட்டோர் தாங்கியுள்ளனர்.

குடிப்பெயரைக் குறிக்கும் சீன எழுத்தே 'பெண்', 'பிறப்பு' என்னும் இரு குறிகளின் சேர்க்கை. பண்டைத் தாய்வழிச் சமுதாயத்தின் எச்சம் அது என்பர் அறிஞர் சிலர். பின்னாளில் நாட்டின் பெயரால் 'சென்' போன்றவையும், பதவியின் பெயரால் 'சீமா' போன்றவையும் தோன்றின. மணமான சீனப் பெண் பிறந்த குடியின் பெயரை விடுவதில்லை. கணவன் வீடு புகுந்ததும் தலைப்பெழுத்தை மாற்றும் நம் வழக்கினும் இது மேலானதென்றே நமக்குத் தோன்றுகிறது.

கடல் கடந்து குடியேறிய சீனரிடையே ஒலி மாறியது. 'சென்' ஹொக்கியன் பேச்சில் 'டான்' ஆயிற்று. காண்டன் பேச்சில் 'சான்' ஆயிற்று. எழுத்து மட்டும் ஒன்றே. அதைக் கண்டு ஒருவரையொருவர் ஒரே குடியினராக அறிந்துகொள்வர்.

குடிபெயராமலே பெயரின் ஒலி மாறக் காணும் தமிழரும் உளர். காவிரியோரத்துக் கோபிநத்தம், கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அவ்வட்டம் மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று அவ்வூர் உள்ளது. அண்மையிலுள்ள மாதேசுவரன் மலைத் தெய்வத்தின் பெயரைத் தமிழர் மாதையன், மாதம்மாள் என்று இடுவர். கன்னடர் மாதப்பா என்பர். தெய்வம் ஒன்றே.

தொல்லை விளைவது தலைப்பெழுத்தில்தான். மாதையன் மகன் முருகன், 'மா. முருகன்'. அவன் மகன் வேலன், 'மு. வேலன்'. அலுவலகப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. முருகனுக்கு 'மாதையன்' என்றும், வேலனுக்கு 'முருகன்' என்றும் பதிவாகின்றன. பாட்டன் நிலத்துக்கு வாரிசு கோரும்போது, இருவரும் வெவ்வேறு குடும்பத்தினரோ என்று எழுத்தர் ஐயுறுகிறார். வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர் அறிந்த இடர் இது. சீனனுக்கு இது நேராது. தலைமுறைதோறும் அவன் குடிப்பெயர் ஒன்றே.

ஆதலால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரை எழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதுவித்தல் நலம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடைய சுற்றுலாப் பயணியரை ஏற்பதில்லை என அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தோர் ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.