இரைப்பையில் பாலிப்: மறைக்க வேண்டாம் சகோதரிகளே

(போலகம் மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் பேசியது)



வேறொரு ஊர் கூட்டத்தில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைக் காட்டினாங்க. இரைப்பையில் நிறைய பாலிப், அதாவது சின்னச் சின்ன சதை வளர்ச்சி. "இதுவும் கேன்சரா? மகளுக்கு வரன் பார்க்கிறோம், யார்கிட்டயும் சொல்லிடாதம்மா"ன்னு அழுதாங்க. அவங்க சம்மதத்தோடதான் பேர், ஊர் இல்லாமல் சொல்றேன்.

அவங்க அண்ணன் 38 வயசில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். ரத்தம் போனதை மூலம்னு நினைச்சு ரெண்டு வருஷத்தை விட்டுட்டார். அக்காவுக்கும் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வந்து, ஆபரேஷனில் குடலை எடுத்தாச்சு.

இது பரம்பரை நோய். ஏ.பி.சி. என்கிற மரபணுவில் உள்ள கோளாறு, 1991-ல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் ஒருத்தருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்துல கட்டினதால வந்ததுன்னு பேசுவது தப்பு. பெருங்குடலை அப்படியே விட்டால் அநேகமா எல்லாருக்கும் புற்றுநோய் ஆகிடும், அதுவும் 40 வயசை ஒட்டியே.

இரைப்பை விஷயம் வேற. மேல்பகுதியில் கூட்டமா வர்ற பாலிப் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கில் முழுங்குறவங்களுக்கும் அது வரும், அவங்களுக்கு இந்த நோய்னு அர்த்தமில்லை! ஆனால் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும், சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்திலும் வர்றதில் சிலது புற்றுநோயாக மாறலாம். ஜப்பான், கொரியாவில் இந்த நோயாளிகளுக்கு இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாகவே வருது. அதனால் 20, 25 வயசிலிருந்தே டாக்டர் சொல்ற இடைவெளியில் குழாய் விட்டுப் பார்க்கணும். குடலை எடுத்தாச்சே, இனி எதுக்குன்னு பலர் நிறுத்திடறாங்க. எனக்கு அதுதான் கவலை.

பிள்ளைகளுக்குப் பெருங்குடல் பரிசோதனை 10, 12 வயசிலேயே தொடங்கணும். முதலில் நோய் உள்ளவர் ரத்தத்தில் மரபணுவைப் பார்ப்பாங்க. அதில் தெரிஞ்ச கோளாறு பிள்ளைக்கு இல்லைன்னா, இந்தக் குழாய் பரிசோதனையெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் குடும்ப விவரம் முழுசா சொல்லிக் கேளுங்க. செலவுக்கு உள்கடன் கேட்டால், தீர்மான நோட்டில் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதினால் போதும். நோய்ப் பேரைத் துருவ வேண்டாம்.

அந்த அக்கா போன வாரம் மகளையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்துட்டாங்க. ரிசல்ட் வரலை. திருப்பூரில் வேலை பார்க்கிற அண்ணன் பிள்ளைகள் ரெண்டு பேருக்குத்தான் இன்னும் போன் பண்ணலை.