மறைத்தால் முழுமையாக மறையட்டும்

இணையப் பக்கமொன்றில் கேள்வியைத் தொட்டால் அதன் விடை மெல்லக் கீழே விரிகிறது. மறுபடி தொட்டால் சுருங்கி மறைகிறது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லோரும் தினமும் காணும் அசைவு இது.

இந்த மறைதலின் பின்னணியில், இணையப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் 'டிஸ்பிளே' என்றொரு பண்பு உண்டு. அந்தப் பகுதி முழு வரியையும் பிடிப்பதா, சொற்களோடு சொல்லாக நிற்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு 'நன்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிவிட்டால் அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் இடமே கிடையாது. காலி வீதியில் ஒரு கடை ஷட்டரை இறக்கினால் கடையின் இடம் அப்படியே இருக்கும். இதுவோ கடையையே எடுத்துவிட்டுப் பக்கத்துக் கடைகளை நெருக்கி வைப்பது போன்றது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே பாதி நிலை கிடையாது. அதனால் 'நன்' முந்திக்கொண்டால் மங்கி மறையும் அசைவு கண்ணுக்கே தெரியாது.

2006இல் ஜோன் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இந்த அசைவை எளிதாக்கியது. உயரத்தையும் 'ஒபாசிட்டி' எனும் தெளிவையும் படிப்படியாகக் குறைத்து, கடைசியில்தான் 'நன்' போடும். பழைய டிஸ்பிளே என்னவென்று நினைவில் வைத்து, திரும்பக் காட்டும்போது அதையே கொடுக்கும். அசைவுக்கு வழக்கமான நேரம் 400 மில்லி செக்கன். 2023இல் குரோம் உலாவியிலேயே, ஜேகுவெரி இல்லாமல் இதைச் செய்யும் வசதி வந்தது.

ஆனால் தெளிவை மட்டும் பூச்சியமாக்கிவிட்டு வேலை முடிந்ததென்று விடுபவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் மறைந்த விடையையும் வாசித்துக்கொண்டே போகும். விசைப்பலகையால் நகர்பவர், கண்ணுக்குத் தெரியாத இணைப்பில் போய் நிற்பார்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 1987இன் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இலங்கையின் அரசகரும மொழியானது. ஆகவே அரச இணையப் பக்கங்களில் ஒரே பெட்டிக்குள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் மாறி மாறி அடங்க வேண்டும். விரியும் உயரத்தை ஆங்கில வரிகளுக்கு அளந்து பூட்டிவிட்டால், நீளமான தமிழ்ச் சொற்கள் அடுத்த வரிக்கு இறங்க, கடைசி வரி வெட்டுப்பட்டுப் போகும். விண்ணப்பத்தின் கடைசித் திகதி அந்த வரியில் இருந்தால் என்ன செய்வது?

இணைய வடிவமைப்புப் படிக்கும் தம்பி தங்கைகளே, பக்கத்தை ஒப்படைக்க முன்னர் தமிழ் உரையைப் போட்டு ஒரு தடவை விரித்துப் பாருங்கள். மவுஸைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஒரு தடவை நகர்ந்து பாருங்கள்.