பிறந்த நாளும் பிள்ளைகளின் உரிமையும்

(ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

விழுப்புரமாயினும் திண்டிவனமாயினும், இன்று நம் மஹல்லாக்களில் திருமணத்திற்கு அடுத்தபடியாகப் பெரும் பொருட்செலவில் நடைபெறும் வைபவமாகக் குழந்தையின் முதல் பிறந்த நாள் விழா ஆகி வருகிறது. மண்டபம் பிடிக்கப்படுகிறது. வாசலில் டிஜிட்டல் பேனர், உள்ளே பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், பிரியாணி, வீடியோ என்று பட்டியல் நீள்கிறது. வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் தந்தை இவற்றையெல்லாம் கைப்பேசியில் பார்த்துக் கொள்கிறார். அவர் அனுப்பிய பணம் போதாதபோது தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. விழா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வட்டியோ மாதக் கணக்கில் தொடர்கிறது.

"ஹஜ்ரத், பிறந்த நாள் கொண்டாடலாமா?" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு நாம் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை முதலில் அறிந்து கொண்டால், எதை விட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மார்க்கத்தில் இதன் நிலை

திங்கட்கிழமை நோன்பைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு வஹீ அருளப்பட்டதும் அந்நாளில்தான் என்று விடை பகர்ந்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தாம் பிறந்த கிழமைக்கு நன்றி செலுத்த அண்ணலார் தேர்ந்தது நோன்பு. ஆண்டுதோறும் தம் பிள்ளைகளுக்கோ பேரர்களுக்கோ பிறந்த நாள் விழா நடத்தியதாக எந்த அறிவிப்பும் இல்லை. ஸஹாபாக்களின் வழக்கத்திலும் அது இல்லை.

மதீனாவாசிகள் இரு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தனர். அவற்றுக்குப் பகரமாக அல்லாஹ் சிறந்த இரு பெருநாட்களைத் தந்துள்ளான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுகின்றனர் (அபூதாவூத், நஸாயீ). ஆகவே, பிறந்த நாள் கொண்டாட்டத்தை வணக்கமாகவோ பரக்கத்துக்குரிய சடங்காகவோ எவரும் எண்ணலாகாது. மெழுகுவத்தி ஊதி அணைத்தல் போன்ற சடங்குகள் பிறரைப் பார்த்து நம்மிடம் வந்தவை. இது பிறரின் வழக்கத்தைப் பின்பற்றுவது என்று உலமாக்கள் பலர் தடுக்கின்றனர். வெறும் உலக வழக்கமே என்று கருதுவோரும் உள்ளனர். விலகியிருப்பதே பேணுதலான வழி.

முதலில் தீர்க்க வேண்டிய கடன்

ஒவ்வொரு குழந்தையும் அதன் அகீகாவுக்கு ஈடாக இருக்கிறது என்றும், ஏழாம் நாளில் அதற்காக அறுத்து, தலைமுடி களைந்து, பெயர் சூட்ட வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றனர் (திர்மிதீ). ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடுகள், பெண் குழந்தைக்கு ஓர் ஆடு. களைந்த முடியின் எடைக்கு வெள்ளியை ஏழைகளுக்கு ஸதகா கொடுக்கும் முறையும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அகீகா வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஹனஃபி மத்ஹபில் விரும்பத்தக்க செயல். ஏழாம் நாளில் இயலாதவர் பின்னர் வசதி வரும்போதும் கொடுக்கலாம். வசதியே இல்லாதவர் மீது குற்றமில்லை.

சற்றே சிந்தியுங்கள்! உறவினர் கூடுதல், விருந்து, பெயர் சூட்டும் மகிழ்ச்சி, ஏழையின் வயிறு நிறைதல் ஆகிய அனைத்தும் அகீகாவில் அடங்கியிருக்கின்றன. "இப்போது வசதியில்லை" என்று அகீகாவைத் தள்ளிப்போட்டவர், பதினோரு மாதம் கழித்துக் கடன் வாங்கி மண்டபம் பிடிக்கலாமா?

இத்துடன் வேறொரு கடமையும் உண்டு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி போன்றவற்றுக்குப் பிறந்த தேதியை நிறுவும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. பெயரில்லாமல் பதிவு செய்திருந்தால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். முதல் பிறந்த நாள் நெருங்கும்போது கேக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன்னர் இதைச் சரிபாருங்கள். "முஹம்மது" என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் பல விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, தந்தையின் பாஸ்போர்ட்டில் மற்றொன்று என்றிருந்தால், நாளை அந்தப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மை - ருபெல்லா ஊசி போட்டாயிற்றா? அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசமாகவே போடப்படுகிறது.

மகனுக்கு மண்டபம், மகளுக்கு மௌனமா?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அண்ணலார் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). மகன் பிறந்த நாளுக்கு ஊரையே அழைத்துவிட்டு, மகளின் நாள் வந்ததும் வீட்டில் பாயசத்தோடு முடித்துக் கொள்வோர் இந்த ஹதீஸை நெஞ்சில் நிறுத்தட்டும். சிறு பெண் வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் கவனித்துக் கொண்டுதான் இருப்பாள்.

பிள்ளையின் மனத்தை உடைக்காதீர்கள்

கொண்டாட வேண்டாம் என்று முடிவு செய்த பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. வகுப்பில் தோழர்கள் புத்தாடை உடுத்தி மிட்டாய் கொடுப்பதைக் கண்ட குழந்தை, "எனக்கு எப்போது?" என்று கேட்பது இயல்பு. அதற்கு அதட்டலும் ஹராம் பட்டியலும் விடையாகா. சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சின்னஞ்சிறு குருவி இறந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அந்தக் குருவியைப் பற்றிக் கனிவுடன் விசாரித்தார்கள். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் பாடிக் கொண்டிருந்த சிறுமியரை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு கூறினார்கள்.

ஆகவே, மறுத்த மகிழ்ச்சிக்குப் பகரமாக வேறொன்றைக் கொடுங்கள். இரு பெருநாட்களைப் பிள்ளைகளின் நாட்களாக ஆக்குங்கள். முதல் நோன்பு நோற்ற நாளில், குர்ஆனை ஓதி முடித்த நாளில் வீட்டில் விருந்து வையுங்கள்; அவர்களின் தோழர்களை அழையுங்கள். அண்டை வீட்டுச் சகோதர சமயத்தார் தம் குழந்தையின் விழாவுக்கு அன்புடன் அழைக்கும்போது, முகத்தில் அடித்தாற்போல் பேசுவது நபிவழியன்று. அக்குழந்தையின் நலனுக்கு வாழ்த்துக் கூறுங்கள்.

விருந்து வைப்போர் கவனத்திற்கு

அகீகாவோ ஓதி முடித்த விழாவோ, பிள்ளையின் பெயரால் எந்த விருந்து வைத்தாலும் சில விஷயங்களைப் பேணுங்கள்.

முதலாவதாக, கையில் உள்ள பணத்துக்குள் திட்டமிடுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள் (புகாரீ). வட்டிக் கடனோ அதனினும் கொடியது. வட்டியை விடாதோருக்கு அல்லாஹ்வும் அவனுடைய ரஸூலும் விடுக்கும் போர் எச்சரிக்கை குர்ஆனில் உள்ளது (2:279). பிள்ளையின் பெயரால் வைக்கும் விருந்து அந்த எச்சரிக்கைக்குள் போய் விழலாமா?

இரண்டாவதாக, அழைப்புப் பட்டியலில் ஏழைகளை முதலில் எழுதுங்கள். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் விருந்தே உணவுகளில் தீயது என்று ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. அன்பளிப்பை எதிர்பார்த்து அழைக்காதீர்கள். மொய் எழுத வழியில்லை என்பதற்காகவே வராமல் நின்றுவிடும் உறவுகள் உண்டு. மீதமாகும் உணவைக் குப்பையில் கொட்டாமல் அன்றே பங்கிடுங்கள். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்பது குர்ஆனின் எச்சரிக்கை (17:27).

மூன்றாவதாக, பேனர் கலாசாரத்தை அறவே விடுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், திருமண விழாவுக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் மேலே விழுந்ததால் நிலைகுலைந்து, லாரியில் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2021 ஆகஸ்டில் நம் விழுப்புரத்திலேயே, ஒரு திருமணத்துக்கு வரும் பிரமுகரை வரவேற்கக் கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து மாண்டான். யாரோ ஒருவர் வீட்டு மகிழ்ச்சிக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர் போயிற்று. நம் பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டப் பொதுப் பாதையை அடைக்கும் உரிமை நமக்கு இல்லை. பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை அல்லவா?

நான்காவதாக, பாதுகாப்பு. ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன்கள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். தலையில் பீய்ச்சும் நுரையும் நெருப்பருகே தீப்பற்றக் கூடியது. குழந்தைகள் கூடும் இடத்தில் இவை வேண்டாம். பிளாஸ்டிக் குவளையும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. வாழையிலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மஃரிப் தொழுகை தவறாதபடி நேரத்தை அமையுங்கள்.

அன்புச் சகோதரர்களே!

மறுமையில் நாம் வாழ்நாளை எவ்வாறு கழித்தோம், பொருளை எவ்வழியில் செலவிட்டோம் என்று வினவப்படுவோம். வாழ்நாளில் ஓர் ஆண்டு குறைந்துவிட்டது என்பதே ஒவ்வொரு பிறந்த நாளும் பெரியவர்களுக்குச் சொல்லும் செய்தி. அந்த நாள் வரும்போது பிள்ளையை அருகில் அமர்த்தி, தலையில் கை வைத்து துஆச் செய்யுங்கள். அதன் கையாலேயே ஓர் ஏழைக்கு உணவோ நூறு ரூபாயோ கொடுக்கச் செய்யுங்கள். மண்டபச் செலவில் பத்தில் ஒரு பங்கை அதன் கல்விக்கென எடுத்து வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை ஸாலிஹான பிள்ளைகளாகவும், கண்களுக்குக் குளிர்ச்சியாகவும் ஆக்குவானாக! கடனை விட்டும், பெருமையை விட்டும், வீண்விரயத்தை விட்டும் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.