கணக்குப் புத்தகம் யார் கையில்?

(தூய்மைப் பணியாளர் சங்க இளைஞர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் தொழில். துப்புரவுத் தொழிலாளியின் மகள் நான். சங்கக் கணக்கைப் பற்றிப் பேச என்னை அழைத்ததற்கு இந்த இரண்டில் எது காரணம் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் வைத்தே பேசுகிறேன்.

நம் ஊர்களில் கணக்கு எழுதும் வேலை சும்மா ஒரு வேலையாக இருந்ததில்லை. நிலம் யாருடையது, வரி எவ்வளவு, பாக்கி யார் மேல் என்று எழுதிவைத்தவர் கர்ணம். அது பரம்பரைப் பதவி. அப்பன் எழுதினான், பிள்ளை எழுதினான். சேரியில் இருந்தவனுக்குத் தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட வழியில்லை. 1980இல்தான் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கும் இதே கதைதான். கங்காணி சொன்னதுதான் கடன்; துண்டில் எழுதியதுதான் கணக்கு. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. எழுத்து அவன் கையில், கைநாட்டு நம் கையில் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நம் சங்கத்திலேயே கணக்குப் புத்தகம் பூட்டிய பீரோவுக்குள் இருந்தால் அதை என்னவென்று சொல்வது?

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர், சங்கத்தின் பெயர் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வரவேண்டிய சம்பள பாக்கிக்காகச் சங்கம் வழக்குப் போட்டது, வென்றது. அதில் சந்தேகமில்லை, நல்ல வேலை. பணம் கைக்கு வந்த அன்றைக்கே ஆளுக்குப் பத்து விழுக்காடு வாங்கிக்கொண்டார்கள். வழக்குச் செலவாம். அம்மா ரசீது கேட்டார். "படிக்கத் தெரியாத உனக்கு ரசீது எதுக்கு?" என்றார் ஒரு நிர்வாகி. பிறகும் கேட்டபோது, ஒப்பந்ததாரரின் ஆள் என்று பட்டம் கட்டினார்கள்.

இவரா கணக்குத் தெரியாதவர்? மகளிர் சுயஉதவிக் குழுவில் வாரா வாரம் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் வாய்க்கணக்காகச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்பவர் அவர். தர்மபுரியில் 1989இல் தொடங்கிய அந்தக் குழுக்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே ஐம்பது ரூபாய் குறைந்தாலும் விடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பெண்களுக்குத்தான் சங்கக் கணக்கு புரியாதாம். இதற்குப் பெயர் அக்கறை அல்ல, சாதி. ஆண் என்ற திமிரும் அதில் சேர்த்தி.

கடைசியில் ஏழு பெண்கள் சேர்ந்து எழுத்து மூலம் மனு கொடுத்தார்கள். மனுவை எழுதியது நான். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் 20ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் சங்க உறுப்பினர் எவரும் பார்க்கலாம். நிர்வாகியாக இருக்க வேண்டியதில்லை. 28ஆவது பிரிவின்படி தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்குப் போக வேண்டும். 15ஆவது பிரிவு பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்கிறது. அரசியல் வேலைக்குத் தனி நிதி. அதற்குப் பணம் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 16. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்திற்கு 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. அதில் நமக்கு எதிரானவை ஏராளம், அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் ஆண்டுத் தணிக்கையும், உறுப்பினர் கணக்கைப் பார்ப்பதற்கான வசதியும் அதிலும் இருக்கின்றன.

பழைய சட்டத்தின் பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அறிக்கை அனுப்பாவிட்டால் அபராதம் ஐந்து ரூபாய். தொடர்ந்து அனுப்பாவிட்டால் வாரத்துக்கு இன்னும் ஐந்து. ஆனால் மொத்தம் ஐம்பதைத் தாண்டாது. ஆகவே பதிவாளர் வந்து காப்பாற்றுவார் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

மனுவுக்குப் பிறகு புத்தகம் வந்தது. வழக்கறிஞர் கட்டணம், பயணச் செலவு எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது. பத்து விழுக்காட்டில் பெரும்பகுதி உண்மையிலேயே வழக்குக்குத்தான் போயிருந்தது. அதை அன்றைக்கே காட்டியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். சிக்கல் வேறு பக்கத்தில் கிடைத்தது. வரவுப் பக்கத்தில், "மாநாட்டு நன்கொடை" என்ற பெயரில், எந்த ஒப்பந்ததாரர் மீது வழக்கோ அவரிடமிருந்தே ஒரு தொகை. தேதி, அடுத்த ஆண்டுக்கான கூலி பேச்சுவார்த்தைக்கு முந்தைய வாரம். யார் ஒப்பந்ததாரரின் ஆள் என்று அன்றைக்குத் தெரிந்தது. பொருளாளர் மாறினார். பொதுச்செயலாளர் இன்னமும் அவர்தான்.

"கணக்கைத் திறந்தால் முதலாளி கையில் ஆயுதம் கொடுத்ததாகிவிடும்" என்று சொல்வார்கள். நேர்மையான தோழர்களும் சொல்கிறார்கள், அதனால் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தை உடைக்க நிர்வாகம் காத்திருக்கிறது என்பது உண்மை. வேலைநிறுத்த நிதி எத்தனை நாள் தாங்கும் என்று அது தெரிந்துகொள்ளத் தேவையில்லை, சரி. உறுப்பினர் கூட்டத்தில் வாசியுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். ஆனால் யோசியுங்கள்: தணிக்கை அறிக்கை பதிவாளர் வழியாக அரசுக்குப் போகிறது. நன்கொடை கொடுத்த ஒப்பந்ததாரருக்கு அவர் கொடுத்தது தெரியும். தெரியாமல் இருப்பது சந்தா கட்டியவருக்கு மட்டும்தான்.

1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அம்பேத்கர் பேசியதை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்றார். அதே உரையில் தொழிற்சங்கத் தலைமைகளையும் கடுமையாக விமர்சித்தார். அந்தப் பகுதியை நம் மேடைகளில் யாரும் எடுப்பதில்லை. சங்கமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 1943இல் தொழிலாளர் துறை உறுப்பினராக, சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம் தரும் மசோதாவைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

இனி உங்கள் சங்கத்துக்கு வருவோம். 300 பேர், மாதம் 50 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இதைச் சரிபார்க்கப் பட்டயக் கணக்காளர் தேவையில்லை. முதலில் ரசீது புத்தகங்களின் அடிக்கட்டையைக் கேளுங்கள். எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, இடையில் ஒரு புத்தகம் காணவில்லையா என்று பாருங்கள். திருட்டு செலவில் மட்டும் நடப்பதில்லை, பதிவாகாத வரவிலும் நடக்கும். பிறகு வங்கிப் பாஸ்புக். வசூலான பணம் எத்தனை நாள் கழித்து வங்கிக்குப் போனது? இரண்டு கையெழுத்து வேண்டிய இடத்தில், முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட காசோலைகள் இருக்கின்றனவா?

அடுத்த மாதம் உங்கள் பொதுக்குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும், நிர்வாகிகள் அல்லாத மூன்று உறுப்பினர் கொண்ட கணக்குப் பார்க்கும் குழு வேண்டும், அதில் இருவராவது தெருவில் வேலை பார்க்கும் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மான வரைவு எழுதி வந்திருக்கிறேன். முன்மொழிய எனக்கு உரிமை இல்லை, நான் உறுப்பினர் அல்ல. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் வேண்டும். தாள் இந்த மேசையில் இருக்கிறது.